வேய் ஷென்னுக்கு யார் மெமோ கொடுப்பது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிற்றுக்கிழமை வாசகர் கடிதம் பகுதியில், போலீஸ் அடிதடி வீடியோ கேம்களை அடியோடு தடை செய்ய வேண்டும் என்று திருநகர் வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். பிள்ளைகள் கெட்டுப்போகிறார்கள், போலீஸ் என்றால் யாரை வேண்டுமானாலும் அடிக்கலாம் என்று நினைக்கிறார்கள், வீட்டுக் காசும் கரைகிறது என்பது அவர் வாதம். எந்த ஆட்டம் என்று ஒரு பெயர்கூடச் சொல்லவில்லை. படத்தைப் பார்க்காமல் யாராவது விமர்சனம் எழுதி அனுப்பினால் போடுவீர்களா? இதை மட்டும் போட்டிருக்கிறீர்கள்.

காசு விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். பணம் கட்டி ஆடும் ரம்மி வகையறா வேறு. அதற்குத் தமிழ்நாட்டில் 2022இல் சட்டம் வந்தது, 2025இல் மத்திய அரசும் சட்டம் கொண்டுவந்தது. ஒரு தடவை காசு கொடுத்து வாங்கி, வீட்டு டிவியில் மாட்டி, கதை முடியும்வரை ஆடுகிற ஆட்டம் வேறு. அதில் தோற்றால் கைவிரல்தான் வலிக்கும்.

அடிதடி விஷயம் அப்படி இரண்டு வரியில் முடியாது. நான் காவல்துறையில் இருந்து சிறப்பு சார்பு ஆய்வாளராக ஓய்வுபெற்றவள். சர்வீஸில் பெரும்பகுதி மகளிர் காவல் நிலையத்தில், அதிலும் ரைட்டர் வேலைதான், அதாவது வழக்குக் காகிதங்களை எழுதும் வேலைதான், அதிகம். முழங்கால் தேய்ந்து வீட்டோடு உட்கார்ந்திருந்தபோது, கல்லூரியில் படிக்கும் என் தம்பி மகன் டிவியில் மாட்டி வீடியோ கேம் ஆடும் தன் பிளேஸ்டேஷன் பெட்டியை இங்கே கொண்டுவந்து வைத்தான். அவன் வீட்டில் அவன் அம்மா திட்டுகிறாராம். 'அத்தை, இது போலீஸ் கதைதான், நீங்கள் பார்த்தே ஆக வேண்டும்' என்று அவன் போட்டது 'ஸ்லீப்பிங் டாக்ஸ்'. முதலில் அவன் ஆட நான் பார்த்தேன். அப்புறம் நான் ஆட அவன் பார்த்தான். அதை முழுவதும் ஆடி முடித்த உரிமையில் எழுதுகிறேன்.

2012இல் வந்த ஆட்டம் இது. கனடாவில் வான்கூவர் நகரத்தில் யுனைடெட் ஃப்ரன்ட் கேம்ஸ் என்ற கம்பெனி செய்தது. ஆக்டிவிஷன் என்ற பெரிய கம்பெனிக்காகத் தொடங்கிய வேலை. 2011இல் அவர்கள் இது தேறாது என்று பாதியில் கைவிட்டார்கள், ஸ்கொயர் எனிக்ஸ் என்ற இன்னொரு கம்பெனி எடுத்து வெளியிட்டது. தேறாது என்று சொன்ன ஆட்டத்தை இன்றைக்கும் ஆடுகிறார்கள். செய்த கம்பெனியைத்தான் 2016இல் மூடிவிட்டார்கள்.

கதை ஹாங்காங்கில் நடக்கிறது. கதாநாயகன் வேய் ஷென் அங்கே பிறந்து, அமெரிக்காவில் வளர்ந்து, சான் பிரான்சிஸ்கோ போலீஸில் சேர்ந்தவன். ஹாங்காங் போலீஸ் அவனை மஃப்டியில் ஒரு ரவுடிக் கும்பலுக்குள் அனுப்புகிறது. கும்பலுக்கு ஆட்டத்தில் சன் ஆன் யீ என்று பெயர். நிஜத்தில் அங்கே சன் யீ ஆன் என்ற கும்பல் உண்டு, பெயரைக் கொஞ்சம் புரட்டிப் போட்டிருக்கிறார்கள். வேய் ஷென்னின் அக்காள் போதைமருந்தால் செத்தவள். பழைய சினேகிதன் ஜாக்கி மா அந்தக் கும்பலில் ஓரத்தில் நிற்கும் சின்னப் பையன். அவன் கையைப் பிடித்துக்கொண்டுதான் இவன் உள்ளே நுழைகிறான்.

உள்ளே போனதும் அவனுக்குக் கொடுக்கப்படுகிற முதல் வேலைகளில் ஒன்று மாமூல் வசூல். நார்த் பாயின்ட் ராத்திரிக் கடைவீதியில் கடை கடையாகப் போய்க் கும்பலுக்குக் காசு வாங்க வேண்டும். நான் அந்த இடத்தில், கையில் பிடித்துப் பட்டனை அமுக்கி ஆடும் கட்டுப்பாட்டுக் கருவியைக் கீழே வைத்துவிட்டேன். தம்பி மகன் விழுந்து விழுந்து சிரித்தான். ஒரு போலீஸ்காரன், கடமையின் பேரிலேயே, தள்ளுவண்டிக்காரரிடம் மாமூல் வாங்குகிறான். கொடுக்க மாட்டேன் என்பவரை மிரட்டுகிறான். நம்மூர் போலீஸ் படங்களில் கதாநாயகனை இப்படி ஒரு இடத்தில் நிறுத்த மாட்டார்கள். அவன் வந்ததும் மாமூல் நின்றுவிடும், கடைக்காரர்கள் கும்பிடுவார்கள், பின்னால் மேளம் கேட்கும். இந்த ஆட்டம் அப்படி எதுவும் செய்து நம்மைத் தேற்றவில்லை. இதற்கே நான் அதற்குப் பாதி மார்க் கொடுத்துவிட்டேன்.

அடிதடியைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஆட்டத்தின் உயிரே அதுதான். தொடக்கத்தில் வெகுநேரம் துப்பாக்கியே கண்ணில் படாது. எல்லாம் கை, கால், கத்தி, கட்டை. நாலு பேர் சுற்றி நிற்பார்கள். அடிக்க வருகிறவன் ஒரு நொடி சிவப்பாக மின்னுவான். அந்த நொடியில் முக்கோண பட்டனை அமுக்கினால் அவன் கையைப் பிடித்துத் திருப்பலாம். முந்தினாலும் பிந்தினாலும் நமக்கு அடி. லத்தி டிரில் எடுத்தவர்களுக்குத் தெரியும், கூட்டத்தில் அடிப்பதைவிட யார் அடுத்து வருவான் என்று பார்ப்பதுதான் வித்தை. அதை விரல் நுனிக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள். துப்பாக்கி இல்லாததும் எனக்குப் பிடித்தது. எங்களில் எத்தனையோ பேர் பயிற்சி மைதானத்துக்கு வெளியே ஒரு குண்டுகூடச் சுடாமல் ஓய்வு பெற்றிருக்கிறோம்.

ஆனால் அதே சண்டையில் ஒருவனைக் கழுத்தைப் பிடித்து இழுத்துக்கொண்டே திரும்பினால், சுற்றியுள்ள பொருட்களில் சில சிவப்பாக ஒளிரும். மின்விசிறி, குப்பைத்தொட்டி, டெலிபோன் பூத், மீன் கடையில் வைத்திருக்கும் வாள்மீன் தலை. அதில் கொண்டுபோய்ச் சொருகலாம். முதல் தடவை வாள்மீன் தலையைப் பார்த்தபோது அது எதற்கு மின்னுகிறது என்று எனக்குப் புரியவில்லை. புரிந்தபோது எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். இது கதைக்குத் தேவையில்லை. ஒரு விசிறியில் ஒருவனுடைய முகத்தை வைப்பதால் வேய் ஷென் யார் என்று நமக்குக் கூடுதலாக ஒன்றும் தெரியப்போவதில்லை. செய்தவர்களுக்குக் கை அரித்திருக்கிறது, அவ்வளவுதான். திருநகர் வாசகர் இந்த ஒரு இடத்தைக் குறிப்பிட்டு எழுதியிருந்தால் நானே அவர் கடிதத்தின் கீழே கையெழுத்துப் போட்டிருப்பேன்.

இப்போது ரைட்டர் வேலை பார்த்தவளின் கண்ணில் பட்டதைச் சொல்கிறேன். இந்த ஆட்டம் ஒவ்வொரு வேலைக்கும் இரண்டு கணக்கு வைக்கிறது. கும்பல் கணக்கு, போலீஸ் கணக்கு. எவ்வளவு விதவிதமாகவும் கொடூரமாகவும் அடிக்கிறாயோ அவ்வளவு கும்பல் கணக்கு ஏறும். போலீஸ் கணக்கு நேர்மாறு. வேலையைத் தொடங்கும்போது முழுசாக இருக்கும். வழியில் போகிறவரை இடித்தால் குறையும், வண்டியை மோதிக் கம்பத்தைச் சாய்த்தால் குறையும், அப்பாவிக்கு அடிபட்டால் நன்றாகவே குறையும். நல்லது செய்து ஏற்ற முடியாது. தப்புச் செய்யாமல் காப்பாற்றத்தான் முடியும்.

ஐயா, இதைச் செய்தவர் யாரோ, அவருக்கு ஏதோ ஒரு போலீஸ் ஸ்டேஷன் வாசனை இருக்கிறது. எங்கள் சர்வீஸும் இதேதான். சித்திரைத் திருவிழாவில் அழகர் ஆற்றில் இறங்கும் நாளில், ஆழ்வார்புரத்துப் பக்கம் விடிய விடிய கயிறு பிடித்துக்கொண்டு நிற்போம். லட்சக்கணக்கான ஜனம். ஒரு குழந்தைகூட மிதிபடாமல் திருவிழா முடிந்தால் அதற்கு யாரும் எதுவும் கொடுக்க மாட்டார்கள். ஒரு செயின் அறுபட்டால் மெமோ வரும். (கழிப்பறை பற்றி இங்கே எழுதினால் கடிதம் வேறு பக்கம் போய்விடும். எழுதத்தான் வேண்டும், இன்னொரு நாள்.) போலீஸ் வேலை என்பது இருப்பதைக் குறையாமல் பார்த்துக்கொள்வது என்பதை ஒரு விளையாட்டு, பட்டனும் நம்பருமாக, கையில் கொடுத்திருக்கிறது. நான் பார்த்த எந்தப் போலீஸ் கதையும் இதைச் செய்ததில்லை.

ஆனால் அந்தக் கணக்கு குறைந்தால் என்ன ஆகிறது? ஒன்றும் ஆவதில்லை. திறமைகள் கொஞ்சம் தாமதமாகத் திறக்கும். அடுத்த வேலையில் மறுபடி முழுசாகத் தொடங்கலாம். எங்கள் துறையில் 3(ஏ), 3(பி) என்று இரண்டு வகை மெமோ உண்டு. 3(ஏ) சின்னத் தண்டனை, 3(பி) பெரிய தண்டனை. 3(பி) வந்தவர் விசாரணை முடியும்வரை சரியாகத் தூங்க மாட்டார். வேய் ஷென் ஹாங்காங்கில் பாதித் தெருவை உடைத்திருக்கிறான். ஒரு மெமோ வரவில்லை. விளக்கம் கேட்டு ஒரு துண்டுச் சீட்டுகூட வரவில்லை.

அதைவிட வேடிக்கை, போலீஸ் கணக்கு ஏறினால் கிடைக்கும் பரிசு. அதில் ஒன்று, அலாரம் அடிக்காமல் பிறருடைய காரைத் திறக்கும் வித்தை. இன்னொன்று, போலீஸ் வண்டியின் டிக்கியைத் திறந்து துப்பாக்கி எடுத்துக்கொள்ளும் சாவி. நல்ல போலீஸாக நடந்துகொண்டதற்குக் கார் திருடும் பயிற்சி! தம்பி மகனிடம் இது என்னடா நியாயம் என்று கேட்டேன். 'கேம்னா அப்படித்தான் அத்தை' என்றான். இந்தப் பதில் எனக்குப் போதவில்லை.

கஞ்சா, போதைமருந்துக் கும்பலைப் பிடிக்கும் சின்ன வேலைகள் ஊர் முழுக்க உண்டு. ஒரு சந்தில் நிற்கும் நாலைந்து பேரை அடித்துப் போட வேண்டும். அங்கே இருக்கும் கண்காணிப்புக் கேமராவின் பெட்டியைத் திறந்து நாலு இலக்க எண்ணைக் கண்டுபிடித்து இணைப்பை எடுக்க வேண்டும். அப்புறம் வீட்டுக்குப் போய் டிவியில் அந்தக் கேமராவைப் பார்த்து, இவன்தான் சரக்குக் கொடுப்பவன் என்று கைகாட்டி ஒரு பட்டன். அவன் கைது. முடிந்தது.

போதைப்பொருள் தடுப்புச் சட்டம் 1985இல் வந்தது. அதில் 50ஆம் பிரிவு என்று ஒன்று இருக்கிறது. சோதனைக்கு முன்னால், உன்னை ஒரு கெஜட்டட் அதிகாரி முன்னிலையிலோ மாஜிஸ்திரேட் முன்னிலையிலோ சோதிக்கச் சொல்லிக் கேட்க உனக்கு உரிமை உண்டு என்று அவனிடம் சொல்ல வேண்டும். சொன்னதை எழுத வேண்டும். பெண்ணாக இருந்தால் பெண்தான் சோதிக்க வேண்டும். அந்த ஒரு வரிக்காகத்தான் எனக்கு ராத்திரி ஒரு மணிக்கு போன் வரும், 'ஏட்டம்மா, ஜீப் வருது, கிளம்புங்க' என்று. போய் மகஜர் (எதை, எங்கே, யார் முன்னால் கைப்பற்றினோம் என்ற குறிப்பு) எழுதி, சாட்சி கையெழுத்து வாங்கி, எடை போட்டு, சீல் வைத்து, பெரியாஸ்பத்திரிக்கு மெடிக்கலுக்குக் கூட்டிப்போய், டாக்டர் எழுதித் தரும்வரை வராண்டாவில் நின்று, இருபத்துநாலு மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்தி, ரிமாண்ட் ஆனால் அரசரடி ஜெயிலில் ஒப்படைத்து வீடு வந்தால் மறுநாள் மாலையாகியிருக்கும். இதையெல்லாம் ஆட்டத்தில் வை என்று நான் சொல்லவில்லை. யார் ஆடுவார்கள்? நானே ஆட மாட்டேன். ஆனால் சந்தில் அடித்துப் போட்ட நாலு பேர் என்ன ஆனார்கள்? அவர்களை ஆஸ்பத்திரிக்கு யார் கொண்டுபோனது? ஒரு வரி சொல்லியிருக்கலாம்.

ஒவ்வொரு ஸ்டேஷனிலும் டி.கே.பாசு வழக்குத் தீர்ப்பு என்று ஒரு போர்டு மாட்டியிருக்கும். 1996இல் உச்ச நீதிமன்றம் சொன்ன 11 கட்டளைகள். கைது செய்பவர் பெயர்ப் பட்டை தெரியும்படி போட்டிருக்க வேண்டும், கைதுக் குறிப்பு எழுதிச் சாட்சி கையெழுத்து வாங்க வேண்டும், வீட்டாருக்குத் தகவல் சொல்ல வேண்டும், 48 மணி நேரத்துக்கு ஒரு தடவை டாக்டர் பார்க்க வேண்டும். புதிதாக வந்த பிள்ளைகளை அந்தப் போர்டின் முன்னால் நிறுத்தி வாசிக்கச் சொல்வேன். சிலர் வாசிப்பார்கள், சிலர் சிரிப்பார்கள்.

சாத்தான்குளத்தில் 2020 ஜூனில் போலீஸ் ஸ்டேஷனில் அடிபட்டு அப்பாவும் மகனும் செத்துப்போனதை நாடே பார்த்தது. உயர் நீதிமன்ற மதுரைக் கிளை தானாக வழக்கை எடுத்தது. விசாரணையும் இதே மதுரையில்தான் நடந்தது. அன்று ராத்திரி அந்த ஸ்டேஷனில் பணியில் இருந்த ஒரு பெண் தலைமைக் காவலர், விசாரிக்க வந்த மாஜிஸ்திரேட்டிடம் தான் பார்த்ததைச் சொன்னார். அந்தச் செய்தியைப் படித்த அன்று எங்கள் குவார்ட்டர்ஸில் யாரும் அதிகம் பேசவில்லை. கூட வேலை பார்த்தவர்களுக்கு எதிராக, அதே கட்டடத்தில் உட்கார்ந்து, ஒரு ஏட்டம்மா வாய் திறப்பது என்றால் என்ன என்று எங்களுக்குத் தெரியும்.

இந்த ஆட்டத்தில் இல்லாதது அந்த ஏட்டம்மா மாதிரி ஒருவர்தான். வேய் ஷென் எல்லை மீறுவதை ஒருவர் பார்த்துக்கொண்டே இருக்கிறார், அவனை இயக்கும் அதிகாரி ரேமண்ட் மாக். அடிக்கடி போன் செய்து, ஒரு இடத்தில் சந்தித்து, நீ ரொம்ப உள்ளே போகிறாய், உன்னை வெளியே எடுத்துவிடலாம் என்கிறார். நல்ல மனிதர். ஆனால் அவர் பேச்சு கதையில் வசனமாகத்தான் இருக்கிறது. அவர் எதையாவது எழுதினால், மேலே அனுப்பினால், அடுத்த வேலை மாறும் என்றிருந்தால் இந்த ஆட்டம் எங்கேயோ போயிருக்கும். நம்பரைக் குறைக்கத் தெரிந்தவர்களுக்கு அந்த நம்பரைப் பார்த்துக் கேள்வி கேட்கும் ஒரு ஆளை வைக்கத் தோன்றவில்லை.

திட்டியது போதும். மஃப்டி என்ற வேலையை இந்த ஆட்டம் புரிந்துகொண்ட அளவுக்கு வேறு எதுவும் புரிந்துகொண்டதாக எனக்குத் தெரியவில்லை. திருவிழாச் சமயத்தில் எங்களைச் சேலை கட்டிப் பேருந்து நிலையத்தில் விடுவார்கள். பெரியார் நிலையத்தில் ஒரு தடவை, செயின் அறுக்கும் கும்பல் என்று சந்தேகப்பட்ட ஒரு பெண்ணின் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். அவளோடு ஒரு கைக்குழந்தை. வெயில் ஏற ஏற அவள் என்னிடம் பேச்சுக் கொடுத்தாள். எந்த ஊர், என்ன வேலை, பிள்ளை எத்தனை. நான் ஏதேதோ சொன்னேன். பிள்ளை விஷயத்தில் மட்டும் பொய் வரவில்லை, உள்ளதைச் சொன்னேன். மடியில் இருந்து வெற்றிலை எடுத்து இரண்டாகக் கிழித்து எனக்குப் பாதி கொடுத்தாள். கொஞ்ச நேரத்தில் அவள் கூட்டாளி ஒரு பாட்டியின் கழுத்தில் கை வைத்தபோது, இவள் கையைப் பிடித்தது நான்தான். அவள் திமிறவில்லை. 'பிள்ளை நெசமாவே இருக்கா?' என்று கேட்டாள். செய்தது சரிதான். பாட்டியின் செயின் பாட்டியிடம் போனது. ஆனாலும் வெற்றிலை போட்ட வாயோடு எஃப்.ஐ.ஆர். எழுதியது மறக்கவில்லை.

ஜாக்கி மா வரும் காட்சிகள் எல்லாம் அந்த வெற்றிலைதான். அவனுக்கு வேய் ஷென் போலீஸ் என்று தெரியாது. தெரியாமல் அவனை நம்புகிறான், காப்பாற்றுகிறான், ஒரு கட்டத்தில் இதெல்லாம் வேண்டாம் என்று ஒதுங்க நினைக்கிறான். நாம் ஆடிக்கொண்டிருக்கும்போதே ஒரு சந்தேகம் வரும்: இவனுக்காக அடிக்கிறேனா, வேலைக்காக அடிக்கிறேனா? வின்ஸ்டன் சூ என்ற தலைவனின் கல்யாணத்தில் எதிர்க் கும்பல் புகுந்து மாப்பிள்ளை, பெண் இரண்டு பேரையும் சுடும்போது, பெரியவர் அங்கிள் போவைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறோம். அவர் ஒரு குற்றவாளிக் கும்பலின் தலைவர். அவர் பிழைக்க வேண்டுமே என்றுதான் நான் பட்டனை அமுக்கிக்கொண்டிருந்தேன். முப்பது வருஷம் காக்கி போட்டவளை அப்படி அமுக்க வைத்தது என்றால் எழுதியவருக்குத் திறமை இருக்கிறது.

ஜாக்கிக்கு என்ன ஆகிறது என்று சொல்ல மாட்டேன். மேலதிகாரி பென்ட்ரூ பற்றிச் சொல்லியே ஆக வேண்டும், கதை வெளிவந்து இத்தனை வருஷம் ஆகிவிட்டது, யாரும் கோபித்துக்கொள்ள வேண்டாம். வெள்ளைக்கார சூப்பரின்டெண்டென்ட். கடைசியில் பார்த்தால் கும்பலைவிட மோசமானவர் அவர்தான், கேமராப் பதிவில் மாட்டி ஜெயிலுக்குப் போகிறார். இது கதைக்காகக் கட்டியது என்று நினைத்தேன். தம்பி மகன் தேடிக் காட்டினான். ஹாங்காங்கில் பீட்டர் காட்பர் என்ற பிரிட்டிஷ் தலைமை சூப்பரின்டெண்டென்ட் நிஜமாகவே இருந்திருக்கிறார். வருமானத்துக்கு மீறி லட்சக்கணக்கில் சேர்த்து, விசாரணை வந்ததும் 1973இல் இங்கிலாந்துக்கு ஓடிப்போனார். ஜனம் தெருவில் இறங்கியது. அதன்பிறகுதான் 1974இல் போலீஸுக்கு வெளியே ஐ.சி.ஏ.சி. என்ற தனி ஊழல் தடுப்பு ஆணையம் வைத்தார்கள். 1975இல் அவரைத் திரும்பக் கொண்டுவந்து நாலு வருஷம் உள்ளே போட்டார்கள். போலீஸை விசாரிக்கப் போலீஸுக்கு வெளியே ஆள் வேண்டும் என்பதை அந்த ஊர் அப்படிக் கற்றுக்கொண்டது. ஆட்டத்தைச் செய்தவர்கள் இந்தச் சரித்திரத்தைப் படித்தார்களோ இல்லையோ, பென்ட்ரூவைப் பார்த்தால் காட்பர் ஞாபகம்தான் வருகிறது.

பெண்கள் விஷயத்தில் ஆட்டம் சுத்தமாகத் தோற்றுப்போகிறது. வேய் ஷென்னுக்கு ஊரில் நாலைந்து பெண்களோடு பழக்கம் ஏற்படும். ஒருத்தியோடு பாட்டுப் பாடப் போவான், ஒருத்தியோடு ஊர் சுற்றிப் படம் எடுப்பான். ஒன்றிரண்டு சந்திப்பு, அப்புறம் ஆளையே காணோம். ஹாலிவுட் நடிகைகள் லூசி லியூ, எம்மா ஸ்டோன் குரல் கொடுத்திருக்கிறார்களாம். அவ்வளவு பெரிய ஆட்களைக் கூட்டிவந்து இவ்வளவு சின்ன வேலையா? பெண் இன்ஸ்பெக்டர் ஜேன் டெங் என்று ஒருவர் வருகிறார். நிமிர்ந்து உட்கார்ந்தேன். சில வழக்குகளைக் கொடுப்பார், பதில் வாங்குவார், அத்தோடு சரி. அவர் ஸ்டேஷனில் எப்படி இருக்கிறார், அவரை யார் மதிக்கிறார், யார் மதிக்கவில்லை, ஒன்றும் தெரியாது. தமிழ்நாட்டில் 1973இலேயே பெண் போலீஸ் வந்தாயிற்று. 1992இல் ஆயிரம் விளக்கில் முதல் மகளிர் காவல் நிலையம் வந்தது. 2012இல் எடுத்த ஆட்டத்தில் பெண் இன்ஸ்பெக்டருக்கு ஒரு நல்ல காட்சிகூட இல்லை. கும்பல் பக்கம் மட்டும் ஒரு பெண் நினைவில் நிற்கிறார், மகனைப் பறிகொடுத்த திருமதி சூ. அவர் சமையலறையில் நடப்பதை இங்கே எழுத முடியாது.

இன்னும் சில குறைகளை ஓட்டமாகச் சொல்லிவிடுகிறேன். கார்கள் பொம்மைக் கார் மாதிரி வழுக்கும். இடதுபக்கம் ஓட்டுவது நம்மூர் மாதிரி இருந்ததால் எனக்குச் சிரமமில்லை. சின்ன அறைக்குள் சண்டை வந்தால் காட்சிக் கோணம் சுவருக்குள் போய் முட்டிக்கொள்ளும், அடிப்பது யார் என்றே தெரியாது. உதவி கேட்கும் ஆட்களின் வேலைகள் எல்லாம் ஒரே அச்சு. பிற்பகுதியில் துப்பாக்கி வந்ததும் ஆட்டம் தன் குணத்தை இழந்து சாதாரண சுடும் ஆட்டமாகிவிடுகிறது. அந்தக் கட்டத்தில் மஃப்டி போலீஸ்காரன் ஒருவன் ஒரே ராத்திரியில் சுட்டுத் தள்ளும் ஆட்களை எண்ணினால், இங்கே 2014இல் என்கவுன்டர்களுக்கு உச்ச நீதிமன்றம் சொன்ன விதிகளின்படி எத்தனை எஃப்.ஐ.ஆர்., எத்தனை மாஜிஸ்திரேட் விசாரணை என்று எனக்குத் தலை சுற்றியது.

ஊரை மட்டும் அருமையாகச் செய்திருக்கிறார்கள். மழை பெய்து ஈரமான தெரு, விளக்குப் பலகைகள், ஆவி பறக்கும் கடைகள். பன்றிக்கறி பன் விற்கிறவர், இதைத் தின்னாதவன் ஆம்பளையே இல்லை என்கிற தோரணையில் போகிறவர் வருகிறவரை எல்லாம் கூவி அழைக்கிறார். கீழமாசி வீதியில் நான் பீட் (ரோந்து) போன காலத்தில் இருந்த குரல்கள் எல்லாம் காதில் விழுந்தன. சில ராத்திரிகளில் வேலை எதையும் தொடாமல் வேய் ஷென்னைச் சும்மா நடக்கவிட்டேன். தம்பி மகனுக்குப் பொறுமை போய்விடும். 'அத்தை, ரோந்து போறீங்களா?' என்பான்.

திருநகர் வாசகருக்கு ஒரு பதில் பாக்கி இருக்கிறது. இது 18 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கான ஆட்டம். ஐரோப்பாவில் விற்கும் பெட்டியில் 18 என்று பெரிதாகப் போட்டிருக்கும். அவர் பேரன் எட்டாவது படிப்பதாக எழுதியிருக்கிறார். அவன் கையில் இது இருந்தால் வாங்கிக் கொடுத்தவரைத்தான் முதலில் விசாரிக்க வேண்டும். பிடுங்கிக்கொள்ளுங்கள், தப்பில்லை. என் தம்பி மகனுக்கு வயது ஆகிவிட்டது. மாமூல் காட்சியில் சிரித்த அவனே, சந்தில் அடிபட்டுக் கிடந்த நாலு பேரைப் பற்றி நான் கேட்டபிறகு அந்த வேலைகளை அவசர அவசரமாக முடிப்பதை விட்டான். போலீஸ் கணக்கு ஒரு புள்ளிகூடக் குறையாமல் முடிக்க முடியுமா என்று இப்போது பந்தயம் கட்டிக்கொண்டு ஆடுகிறான். முடிகிறது, ஆனால் மெதுவாகப் போக வேண்டும்.

உங்கள் பத்திரிகையிடம் நான் கேட்பது ஒன்றுதான். வாரா வாரம் படங்களுக்கு அரைப்பக்க விமர்சனம் போடுகிறீர்கள், ஓடாத படத்துக்கும் போடுகிறீர்கள். மதுரையில் எத்தனை வீட்டில் எத்தனை பிள்ளைகள் ராத்திரி பகலாக இந்த ஆட்டங்களை ஆடுகிறார்கள் என்று உங்கள் அலுவலகத்திலேயே நாலு பேரைக் கேட்டாலே தெரியும். ஆடிப் பார்த்தவரிடம் எழுதி வாங்கிப் போடுங்கள். என்ன கதை, எந்த வயதுக்கு, எங்கே நன்றாக இருக்கிறது, எங்கே கை அரித்திருக்கிறது என்று எழுதட்டும். ஆடுவதற்கு ஆள் கிடைக்கவில்லை என்றால் என் விலாசம் உங்களிடம் இருக்கிறது. வரும்போது பிளேஸ்டேஷனுக்கு இன்னொரு கட்டுப்பாட்டுக் கருவி மட்டும் கொண்டுவரச் சொல்லுங்கள். இருக்கும் ஒன்றில் முக்கோண பட்டன் சரியாக வேலை செய்வதில்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற சிறப்பு சார்பு ஆய்வாளர்,
வில்லாபுரம், மதுரை.
(பெயர் வெளியிட வேண்டாம்.)